ஆழத்தை அளக்கும் அயனிகள்

(பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நிறை நிறமாலைமானி என்ற சொல்லை நம் மாணவர்கள் ஐசோடோப்புப் பாடத்தில் கேட்கிறார்கள். அணு நிறையை அளக்கும் கருவி என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். "அது எப்படி சார் தெரியும்?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் என்ன சொல்வோம்? அதற்கு உதவும் உண்மை நிகழ்வு ஒன்றைச் சொல்கிறேன்.

2001 ஆகஸ்டில் நாசா, ஜெனிசிஸ் விண்கலத்தை ஏவியது. நம் ஆதித்யா இன்று சுற்றிவரும் எல்-1 பகுதியில், புவியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவில், மிகத் தூய சிலிக்கான் முதலிய தகடுகளை விரித்து அது சூரியக் காற்றைப் பிடித்தது. நொடிக்கு நூற்றுக்கணக்கான கி.மீ. வேகத்தில் வரும் அணுக்கள் தகட்டுக்குள் சில பத்து நானோமீட்டர் ஆழத்தில் புதைந்துவிடும். அது தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு.

2004 செப்டம்பர் 8 அன்று திரும்பிய பேழையின் பாராசூட் விரியவில்லை. வேகக் குறைவை உணரும் சிறு உணரிகள் தலைகீழாக அமைந்திருந்ததே காரணம். பேழை உட்டா பாலைவனத்தில் மோத, தகடுகள் நொறுங்கி மண் படிந்தது. மண்ணிலும் ஆக்சிஜன், மக்னீசியம் உண்டு. சூரியனிலிருந்து வந்தவற்றிலும் உண்டு. எப்படிப் பிரித்தறிவது?

ஆழத்தை வைத்துத்தான். அழுக்கு மேலே இருக்கும். சூரிய அணு உள்ளே இருக்கும்.

இதற்கு உதவியது இரண்டாம்நிலை அயனி நிறை நிறமாலையியல். வெற்றிடத்தில் சீசியம் அல்லது ஆக்சிஜன் அயனிக் கற்றையைத் தகட்டின் மீது பாய்ச்சுவார்கள். மேற்பரப்பு அணுக்கள் சிறிது சிறிதாகப் பெயர்ந்து வரும். அவற்றுள் ஒரு சிறு பகுதி அயனிகளாக இருக்கும். அவற்றை மின்புலம் இழுத்து முடுக்கும். காந்தப்புலம் நிறைவாரியாகப் பிரிக்கும். களத்தில் நெல் தூற்றும்போது பதர் தள்ளிப் போய் விழுவதைப் போல, ஒரே மின்னூட்டமும் ஆற்றலும் கொண்டவற்றுள் லேசான அயனி அதிகம் வளையும்.

நேரம் செல்லச் செல்லக் குழி ஆழமாகும். கருவி தருவது நேரமும் எண்ணிக்கையும் மட்டுமே. இறுதியில் குழியின் ஆழத்தை நுண்முனையால் தடவி அளந்து, நேரத்தை ஆழமாக மாற்றுவார்கள். செறிவு தெரிந்த மாதிரியோடு ஒப்பிட்டு, எண்ணிக்கையைச் செறிவாக மாற்றுவார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. பாயும் கற்றை மேலே உள்ள அழுக்கையும் உள்ளே தள்ளிவிடும். அதனால் சில ஆய்வாளர்கள் தகட்டைப் பின்புறமிருந்து தேய்த்து மெலிதாக்கி, பின்பக்கமாகவே குடைந்தார்கள். சூரிய அணுக்கள் முதலில் வந்தன. அழுக்கு கடைசியில் வந்தது!

2011இல் ஆக்சிஜன் முடிவு வெளியானது. ஆக்சிஜன்-16உடன் ஒப்பிட, ஆக்சிஜன்-17, 18 இரண்டும் சூரியனைவிடப் புவியில் சுமார் 6 விழுக்காடு அதிகம். இரண்டும் ஒரே மேகத்தில் பிறந்தவை என்கிறோமே, பிறகு ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்விக்கு வலுவான அடித்தளம் கிடைத்தது. நொறுங்கிய தகடுகள் வீணாகவில்லை.

வகுப்பறையில் இதைச் செய்துகாட்டக் கோலப்பொடி போதும். ஒரு டப்பாவில் மூன்று வண்ணங்களை அடுக்கடுக்காகப் பரப்புங்கள். மாணவர்கள் நடுவில் சிறு கரண்டியால் தோண்டட்டும். ஒவ்வொரு கரண்டியிலும் எந்த வண்ணம் வந்தது என்று எழுதட்டும். கடைசியில் அளவுகோலால் குழியை அளக்கட்டும். பக்கச் சுவர் சரிந்து மேல்வண்ணம் கீழே கலக்கும். அதைத் தவறு என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஆய்வகத்திலும் இதே தொல்லை உண்டு. அதனால்தான் குழியின் நடுவிலிருந்து வரும் அயனிகளை மட்டும் எண்ணுகிறார்கள். இதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஓர் எண்ணைச் சொல்லும்போது அது எப்படிக் கிடைத்தது, அதில் எது கலந்திருக்கலாம் என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டால், பாடத்தின் பயன் கிட்டிவிட்டது என்றே கொள்ளலாம்.