கணைக்காலுக்கு ஒரு காப்பு

முழங்காலுக்குக் கீழே, காலின் முன்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். பின்புறத்திலே கெண்டைச் சதை திரண்டிருக்கிறது. முன்புறத்திலோ தோல்; தோலுக்கு அடியில் உடனே எலும்பு. அந்த எலும்பைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்விலே உணர்ச்சி நரம்புகள் நிறைந்திருக்கின்றன. இருட்டில் கட்டில் காலில் இடித்துக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கால்பந்து ஆட்டத்தில் பந்தைத் தேடி வருகிற பூட்ஸ், பல வேளைகளில் பந்தைக் காணாமல் இந்த எலும்பைக் கண்டுவிடுகிறது. 1874-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கழகத்து ஆட்டக்காரர் சாம் வெல்லர் விடோசன், கிரிக்கெட் காப்பை வெட்டிச் சிறிதாக்கித் தம் காலுறையின் மேலேயே கட்டிக்கொண்டு ஆடினார். கணைக்கால் காப்பு பிறந்த கதை இதுவே. கடைகளில் 'ஷின் கார்டு' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் ஆட்டத்தின் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது 1990-இல்தான்.

நான் கல்லூரியில் ஆடியது அதற்கு முந்திய காலம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடிய பெருமையைக் கேட்டு வளர்ந்தவன் நான். காப்பு அணிவதே கோழைத்தனம் என்று எண்ணியிருந்தேன். வீட்டாரின் வற்புறுத்தலுக்காகத் தமையனாருடைய காப்பை அணிந்தேன். அவர் என்னைவிட உயரம், கால் பருமனும் கூட. ஓடும்போது அது சுழன்று பின்னால் போய்விடும். அன்று இடைவேளைக்குப் பிறகு அதைச் சரிசெய்யச் சோம்பிவிட்டேன். எதிரணி ஆட்டக்காரர் பந்துக்காகத்தான் காலை நீட்டினார், அவர்மீது குற்றமில்லை. என் எலும்பில் விரிசல் கண்டது. காப்போ பத்திரமாகக் கெண்டைச் சதையைக் காத்துக்கொண்டிருந்தது! மாவுக்கட்டோடு படுத்திருந்த நான் அவ்வாண்டுத் தேர்வை எழுதவில்லை. தேர்வுக் கட்டணத்திற்குத் தந்தையார் கடன் வாங்கியிருந்தார் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

ஆகவே கடைக்குப் போகும்போது அண்ணன் காலை மறந்துவிட்டு உங்கள் காலைக் கொண்டு செல்லுங்கள். காப்பின் கீழ் விளிம்பு கணுக்காலின் மடிப்புக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். மேல் விளிம்பு, முழங்காலை மடக்கினால் குத்தக் கூடாது. மேலோடு கெட்டியாக இருந்தால் ஓரிடத்தில் விழும் அடி பரந்த இடத்துக்குப் பகிர்ந்துபோகும். உள்ளே உள்ள மெத்தென்ற நுரைப்பஞ்சு அடியின் வேகத்தைத் தணிக்கும். கடையிலேயே அணிந்து பத்தடி ஓடிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பேர்பெற்ற ஆட்டக்காரர் சிலர் இந்நாளில் உள்ளங்கையளவு காப்பைச் செருகிக்கொண்டு ஆடுகிறார்கள். அந்த நாகரிகம் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் காப்பு, அதன்மேல் காலுறை. காப்பு வெளியே தெரியக் கூடாதென்பது சட்டம். வார் இருந்தால் இறுக்குங்கள். பாதம் மரத்துப்போகும் அளவுக்கு வேண்டாம். எத்தகைய காப்பும் பெரும் மோதலில் எலும்பு முறியாதென்று உறுதி கூறாது. சிராய்ப்பு, வீக்கம், சிறு அடிகளின் கடுமை ஆகியவற்றை அது வெகுவாகக் குறைக்கும். மேலோடு வெடித்தாலும், நுரைப்பஞ்சு தட்டையாகிவிட்டாலும் வேறு வாங்கிவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் ஈரத்தோடு பைக்குள் திணிக்காமல், துடைத்து நிழலில் உலர்த்துங்கள். அந்தப் பையின் நாற்றத்தை உங்கள் தாயார் நன்கு அறிவார்.