பெட்ரோல் அளவுகாட்டியும் சங்கத்தின் நாணயமும்

(கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் பால் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கிராமத்துப் பால் சங்கங்கள் சிலவற்றில் தூக்கிச் செல்லக்கூடிய சிறு ஜெனரேட்டர் ஒன்று உண்டு. மின்சாரம் தடைப்படும் வேளையில் விளக்கும், தராசும், பால் சோதிக்கும் யந்திரமும் அதனால் நடைபெறுகின்றன. அதன் பெட்ரோல் தொட்டியின் மேலுள்ள அளவுகாட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு சங்கத்தில் முள் எப்பொழுதும் பாதித் தொட்டியையே காட்டி வந்தது. ஒரு நாள் விடியற்காலை, பால் ஊற்றுவோர் வரிசையில் நிற்கையில், யந்திரம் நின்றுவிட்டது, தொட்டி காலி. மீதிப் பெட்ரோல் எங்கே என்று காரியதரிசியைச் சந்தேகித்தார்கள். அளவுகாட்டியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் மிதவையின் கம்பி வளைந்து சிக்கியிருந்தது தெரிந்தது. குற்றம் முள்ளினுடையது, பழியோ மனிதன்மேல் விழுந்தது.

தொட்டிக்குள் மிதவை ஏறி இறங்க, அதனோடு சேர்ந்த கம்பி முள்ளைத் திருப்புகிறது. மிதவை ஓட்டையானால் அது மூழ்கிவிடும். தொட்டி நிறைந்திருந்தாலும் முள் காலி என்றே காட்டும். கம்பி சிக்கினால் முள் ஓரிடத்திலேயே நிற்கும். ஆயினும், யந்திரம் சரிந்து நின்றாலும் அளவு தவறும். ஆதலால் சமதரையில் வைத்து, உலர்ந்த சுத்தமான குச்சியால் அளந்து ஒப்பிட்ட பின்னரே பழுது என்று தீர்மானிக்க வேண்டும்.

மாற்றும் முறையாவது: யந்திரத்தை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, திறந்த வெளிக்குக் கொண்டு வருக. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தூரத்து நெருப்பையும் பற்றும். ஆகையால் பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் ஆகாது. ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி, பெட்ரோல் குழாயை மூடுக. தொட்டி நிறைந்திருந்தால் பெட்ரோலைத் தகுந்த கேனில் வடித்துக்கொள்க. திருகாணிகளைக் கழற்றுமுன் மிதவை எப்பக்கம் நோக்கியுள்ளது என்று குறித்துக்கொள்க. புதியது அதே ஆழத்துக்கும் அதே மாதிரிக்கும் உரியதாக இருத்தல் அவசியம். பழைய ரப்பர் வளையத்தை விலக்கிப் புதியதை வைத்து, மிதவை தடையின்றி அசைகிறதா என்று பார்த்து, திருகாணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குக.

பிறகு லிட்டர் கணக்காக அளந்து ஊற்றி, கால், அரை, முழுமை ஆகிய நிலைகளில் முள்ளைச் சோதிக்கவும். கசிவில்லை என்றும், சிந்தியது உலர்ந்தது என்றும் உறுதி செய்த பின்பே யந்திரத்தை ஓட்டலாம். அறைக்குள் ஓட்டவே கூடாது, அதன் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உயிரைப் போக்கிவிடும்.

இறுதியாக ஒன்று. முள்ளை மட்டும் நம்பாதீர்கள். ஊற்றிய லிட்டரையும் ஓடிய மணியையும் தினந்தோறும் புத்தகத்தில் பதியுங்கள். அப்பொழுது யந்திரக் கோளாறு உடனே வெளிப்படும். நாணயமாக உழைப்பவர் மீது வீண்பழி வாராது. நம்பிக்கையே சங்கத்தின் மூலதனம்.