பார்க்காத ஊரின் பெயர்

இன்று பட்டம் பெறும் குழந்தைகளே, தறியை ஒருநாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் முள்ளிப்பட்டுப் பெற்றோர்களே,

என் தகப்பனார் கூட்டுறவுச் சங்கத்துப் பட்டுச் சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் புறப்படும் நாட்களில், எங்கே பயணம் என்று தெருவில் யாராவது விசாரித்தால், கோ-ஆப்டெக்ஸ் என்றோ எழும்பூர் என்றோ சொல்லாமல், "வள்ளியம்மைக்குத்தான்" என்பார். பாந்தியன் சாலையிலுள்ள கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். அந்த அம்மாள் யார் என்று நான் கேட்டதற்கு, இடம் கொடுத்த சீமாட்டியாக இருக்கும் என்று அவர் சொன்ன சமாதானத்தை வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அவள் கதை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்னும் கப்பல், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்காக 342 பேரை டர்பனில் இறக்கிவிட்டது. அதைத் தொடர்ந்து போன கப்பல்களில் நம்முடைய வட ஆற்காட்டு ஜனங்கள் ஏராளம். ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஊர் திரும்பாமல் அங்கேயே குடியிருக்க விரும்பியவர்கள்மேல், 1895ஆம் வருஷத்துச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதித்தது. முதல் வருஷக் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். கணக்கு உங்களுக்கே புரியும். இந்த வரி பின்னர் பதின்மூன்று வயதுப் பெண் குழந்தைகள்மேலும் விழுந்தது. இது போதாதென்று, 1913 மார்ச்சில் நீதிபதி ஸெர்ல் வழங்கிய தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடைபெறாத விவாகங்களுக்கு அந்நாட்டில் சட்ட மதிப்பில்லை என்று கூறி, தாலி கட்டிய ஸ்திரீகளைக் கணவனுக்கு அந்நியராக்கிற்று.

ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறிய சிறு வியாபாரி முனுசாமி முதலியாரின் மகள் வள்ளியம்மைக்கு அப்போது வயது பதினைந்து. அவள் பிறந்ததும் அந்த நகரத்தில்தான். 1913 அக்டோபர் 29ஆம் தேதி, தாயார் மங்களத்தோடு, காந்தியடிகளின் போராட்டத்தில் இறங்கிய டிரான்ஸ்வால் பெண்களின் இரண்டாவது கோஷ்டியில் சேர்ந்து நேட்டாலுக்குப் புறப்பட்டாள். கூலிகளைச் சந்தித்து, வரியின் அநியாயத்தை எடுத்துச் சொல்லி, வேலைநிறுத்தம் செய்யும்படி கேட்பதே அவர்கள் காரியம். முதல் கோஷ்டி போய்ச் சொன்னதன்பேரில், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களின் தொழிலாளர்கள் ஏற்கெனவே வேலையை விட்டிருந்தார்கள். மேடையோ ஒலிபெருக்கியோ இல்லாமல், லயத்து வாசலில் நின்று தமிழில் பேசிய பேச்சு அது.

டிசம்பரில் அவளுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். மாரிட்ஸ்பர்க் சிறையில் பெண்களுக்குக் கொடுத்த வேலை துணி வெளுப்பது. உணவோ மகா மட்டம். ஜுரம் கண்டு அவள் படுத்தபோது, காலத்துக்கு முன்பே விடுதலை செய்வதாக அதிகாரிகள் சொல்லியும் அவள் இசையவில்லை. வெளியே வந்த சில நாட்களில், நெடிய உருவம் எலும்புக்கூடாகிக் கிடந்தவளைக் காந்தியடிகள் போய்ப் பார்த்து, சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார்; பிடித்தால் மறுபடியும் போவேன் என்றாள். 1914 பிப்ரவரி 22, அவள் பிறந்த அதே தேதியில், பதினாறு வயது நிரம்பிய அன்று, இறந்துபோனாள். அவ்வருஷமே வரியும் ஒழிந்தது. நம் விவாகங்களுக்குச் சட்ட மதிப்பும் கிடைத்தது. ஜூலையில் பிராம்ஃபோன்டைன் மயானத்தில் அவள் நினைவுக் கல்லைக் காந்தியடிகளே திறந்துவைத்தார்.

அவள் தன் புடவையைக் கிழித்து மூவர்ணக் கொடியாகக் காட்டினாள் என்றொரு கதை நம் மேடைகளில் உலவுகிறது. இன்றைய கொடியின் முன்வடிவம் தோன்றியதே 1921இல்தான். ஆகையால் அதை நான் சொல்லப்போவதில்லை. ஊடை ஊடையாகப் புடவை வளர்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, புடவை கிழிபடும் கதையில் அத்தனை ருசியும் இல்லை. சிறைத் தொட்டியருகே குனிந்து பிறர் அழுக்கை வெளுத்த அந்தக் கைகளே எனக்குப் போதும்.

அவளுடைய குடும்பத்துக்குப் பூர்வீகம் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி. பிறப்பும் சாவும் கடலுக்கு அப்பால் அமைந்த ஒருத்தியை அந்தச் சிற்றூரின் பெயரைச் சேர்த்தே நாம் அழைக்கிறோம். 1915இல் இந்தியா திரும்பிய காந்தியடிகள் தேடிக்கொண்டு போன ஊர்களில் அதுவும் ஒன்று.

குழந்தைகளே, உங்களில் எத்தனை பேர் தறிக்குத் திரும்புவீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்த உங்கள் தகப்பன்மார்களே அதை விரும்பமாட்டார்கள். ஒரகடத்துக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் போவீர்கள். சிலர் அங்கேயே வீடு கட்டிக் குடியேறுவீர்கள். இந்த ஊரைக் கண்ணாலும் கண்டிராத உங்கள் பெண் ஒருத்தியிடம், உனக்கு எந்த ஊர் என்று யாரேனும் ஒருநாள் கேட்பார்கள். அவள் முள்ளிப்பட்டு என்று சொல்லக்கூடும்.