ஒரே கடையில் பற்று வைக்கலாமா?



முன்பெல்லாம் தோட்டத்தில் ஒரே ஒரு கடைதான் இருக்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்குப் பென்சில் என எல்லாம் அங்கேதான். வாங்கியதைக் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் பற்று எழுதிக்கொள்வார். சம்பள நாளில் கழித்துக்கொள்வார். மழைக்காலத்தில் பால் வெட்ட முடியாமல் வருமானம் குறைந்தபோது பல வீடுகளில் அடுப்பெரிந்தது அந்தக் கடையால்தான். ஆனால், அதே அரிசி பட்டணத்தில் மலிவாகக் கிடைத்தாலும், பாக்கி தீராமல் வேறு கடைக்குப் போக மனம் துணியாது. உதவியும் உண்மை, கட்டும் உண்மை.

இன்று விவேகக் கைப்பேசி வாங்குவதும் ஏறத்தாழ இப்படித்தான். அண்மையில் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒரு தந்தை, பள்ளி முடிந்த நேரத்தில் நம்மிடம் வந்தார். "சார், பாப்பா காலேஜுக்குப் போகுது. ஐபோன்தான் வேணுமாம். மாசத் தவணையில தர்றாங்க. வாங்கலாமா?" என்று கேட்டார். 2024இல் ஐபோன் 16 வெளிவந்தபோது நம் நாட்டில் அதன் தொடக்க விலை 3,999 ரிங்கிட். 2025இல் அறிமுகமான 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், இரண்டு மாத உழைப்பினும் அதிகம். சட்டென்று பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வியா இது?

முதலில் நன்மையைப் பார்ப்போம். ஐபோனில் கருவியும் ஆப்பிளுடையது; அதை இயக்கும் மென்பொருளும் ஆப்பிளுடையது. ஆகவே இரண்டும் ஒன்றோடொன்று நன்கு இசைந்து இயங்குகின்றன. 2015இல் வந்த ஐபோன் 6எஸ், 2021இல் வெளியான புதிய மென்பொருளையும் பெற்றது. ஆறாண்டுக் காலம் ஒரு கைப்பேசி கைவிடப்படாமல் இருப்பது சிறிய காரியமன்று. நம் சக ஆசிரியர் ஒருவர் அதே நிறுவனத்தின் கணினியையும் கைப்பேசியையும் சேர்த்தே பயன்படுத்துகிறார். கைப்பேசியில் எடுத்த படம் கணினியில் தானே வந்து நிற்கிறது. அவருக்கு அது கொடுத்த காசுக்குத் தகுந்த பொருளே.

இனி கட்டைப் பார்ப்போம். அந்நிறுவனத்தின் கைக்கடிகாரம் ஐபோனோடு மட்டுமே இணையும். ஒரு பக்கத்தில் காசு கொடுத்து வாங்கிய செயலி மறுபக்கத்துக்கு வராது. ஆண்டிராய்டு கைப்பேசி வைத்திருப்போர், நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. சாம்சுங்கிலிருந்து சியாவ்மிக்கு எளிதில் மாறலாம் என்றாலும், இரண்டிலும் செயலிக் கடையை நடத்துவது கூகுள்தானே! கூகுள் நிறுவனம் பல ஆண்டுகள் அளவின்றி இலவசமாகப் படங்களைச் சேமித்துத் தந்தது. 2021 ஜூன் முதல் நாளிலிருந்து புதிய படங்களையும் 15 கிகாபைட் இலவச அளவுக்குள் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியது. பழக்கிவிட்ட பிறகு கடைக்காரர் விதியை மாற்றினால், வாடிக்கையாளர் என்ன செய்ய முடியும்?

சில வேளைகளில் கடையே மூடப்படுவதும் உண்டு. ஒரு காலத்தில் பிளாக்பெர்ரி வைத்திருப்பதே பெருமை. அதன் செய்திச் சேவைக்காகவே நண்பர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கினர். பொதுமக்களுக்கான அச்சேவை 2019 மே மாதத்தோடு நின்றது. 2022 ஜனவரி 4 முதல், அதன் பழைய கைப்பேசிகளில் அழைப்பும் குறுஞ்செய்தியும்கூட உறுதியில்லை என்று அந்நிறுவனமே அறிவித்தது. நம் நாட்டில் பலரும் விரும்பி வாங்கிய ஹுவாவெய்க்கு நேர்ந்தது வேறு. 2019 மே மாதம் அமெரிக்கா விதித்த வாணிபத் தடையால், அதன்பின் வந்த புதிய மாதிரிகள் கூகுள் சேவைகள் இல்லாமலே வெளிவந்தன. எங்கோ நடந்த அரசியல் சண்டை, இங்கே நம் சட்டைப் பையிலிருக்கும் கருவியைத் தொடுகிறது.

நாமும் ஒருமுறை பட்டோம். கைப்பேசியை மாற்றியபோது, ஐந்தாண்டு விளையாட்டுப் போட்டிப் படங்கள் பழைய கணக்கிலேயே தங்கிவிட்டன. மறவுச்சொல் நினைவில்லை, வேறு பிரதியும் இல்லை. குற்றம் பாதி நம்முடையதுதான். உள்ளே நுழையும்போது வெளியே வரும் வழியை நாம் பார்க்கவில்லை.

ஆகவே அந்தத் தந்தையிடமும் மகளிடமும் ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். வீட்டிலுள்ளோர் எந்தக் கடையில் இருக்கிறார்கள்? விலையோடு உறை, செவிப்பொறி, சேமிப்புக் கட்டணம் என்று பின்னால் வரும் செலவு எவ்வளவு? நான்காண்டு கழித்து வெளியேற நேர்ந்தால் எதை இழப்போம்?

மறுநாள் அந்தப் பெண்ணே விடை கொண்டு வந்தாள். வீட்டில் எல்லாரும் ஆண்டிராய்டு. கல்லூரிச் செய்திகள் வரும் வாட்ஸாப் இரண்டிலும் இயங்கும். படிப்புக்கு மடிக்கணினியும் தேவை. "தவணை முடியறதுக்குள்ள படிப்பே முடிஞ்சிடும் சார். நடுத்தர விலையில ஒரு போன் எடுத்துக்கிறேன், மிச்சக் காசுல லேப்டாப் வாங்கலாம்" என்றாள். தந்தை ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரே நிறுவனத்தின் கைப்பேசியை வாங்கவே கூடாது என்பதன்று நம் கருத்து. குடும்பம் முழுவதும் அங்கேயே இருந்து, கடனின்றி வாங்கி, பல ஆண்டுகள் வைத்துப் பயன்படுத்துவோருக்கு அது இலாபமே. தோழி வைத்திருக்கிறாள் என்பதற்காகக் கடன்பட்டு வாங்குவோருக்கு அது சுமையே. எதை வாங்கினாலும் படங்களுக்கும் தொடர்பு எண்களுக்கும் வேறோரிடத்தில் ஒரு பிரதி வைத்திருங்கள். மறவுச்சொல்லை ஓர் ஏட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கடை எதுவாயினும், கணக்குப் புத்தகம் நம் கையிலும் ஒன்று இருக்கட்டும்.