கருவிக்கு நா உண்டோ?



குழந்தைக் கல்வி பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். தமிழாசிரியை என்பதால் இலக்கணம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது என் பெயரனின் விளையாட்டுக் கருவியைப் பற்றி. இலக்கணமும் இடையே வரத்தான் செய்யும்.

நான்கு வயதுப் பெயரனுக்குத் தியாகராய நகரில் கைக்கடக்கமான எழுத்து விளையாட்டுக் கருவி ஒன்று வாங்கினோம். படத்தைத் தொட்டால் பெயர் சொல்லும். பழத்தைத் தொட்டான், ‘பலம்’ என்றது. நான் திருத்தினேன். “இல்லை பாட்டி, பலம்தான். இது சொல்கிறதே!” என்றான். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளைத் திருத்தியவள் அன்று ஒரு பொம்மையிடம் தோற்றேன்.

நாவின் நுனி மேலண்ணத்தைத் தடவுகையில் ழகரம் பிறக்கும் என்பது நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்த இலக்கணம். கருவிக்கு நா ஏது? பெயரனை எதிரில் அமர்த்தி, வாயைத் திறந்து, நா வளைவதைக் காட்டினேன். என் வாய்க்குள் எட்டி எட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் ‘பழம்’ வந்தது. உடனே கருவியைத் தொட்டு, “தப்பு, தப்பு” என்று அதனை அதட்டினான்!

இதனால் கருவிகளை ஒதுக்குங்கள் என்பேனல்லேன். 1996இல் நம் சென்னையில் தொடங்கிய கரடி டேல்ஸ், கரடியொன்று கதை சொல்வதாக அமைத்து ஒலிநாடாக் கதைகளை வெளியிட்டது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரே கதை பல மொழிகளில் உண்டு. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என வளரும் குழந்தைகள் இவ்வவையில் பலர். பாட்டி குஜராத்தியில் படித்த கதையைப் பேத்தி தமிழில் படிக்கலாம் என்பது சிறிய பேறன்று.

அளவு வேண்டும். இரண்டு முதல் நான்கு வயதினர்க்குத் திரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டா.

இன்னொன்று. நாம் கதை சொன்னால் குழந்தை ‘உம்’ கொட்டும். ‘உம்’ நின்றால், உறங்கிவிட்டது என்று நாமும் நிறுத்துவோம். மின்கதையோ உறங்கிய பிள்ளைக்கும் சொல்லிக்கொண்டேயிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் மின்கதையின் ஒலியை அணைத்துவிடுகிறோம். பக்கம் திருப்புவது அவன் வேலை. வாசிப்பது என் வேலை. சில இரவுகளில் முதலில் உறங்குபவள் நான்தான். அப்போது படங்களைப் பார்த்து மீதிக் கதையை அவனே எனக்குச் சொல்கிறானாம்.