அஞ்சுவண்ணம் முதல் யோகம் வரை: கொச்சி யூதர் அவையின் வரலாறு

(விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

எண்ணிக்கையில் சிறிய சமூகம் ஒன்று பெரியதொரு நாட்டில் தன் அறத்தையும் அடையாளத்தையும் எவ்வாறு காத்துக்கொள்கிறது என்னும் வினா இவ்வவைக்குப் புதியதன்று. அதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. அன்னூரிலிருந்து காலையில் புறப்பட்டுக் கோவை வழியே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால், மாலைக்குள் கொச்சி மட்டாஞ்சேரியை அடையலாம். பண்டு மேலைக் கடற்கரைத் துறைகளில் இறங்கிய ரோமானியக் காசுகள் கொங்கு நாட்டுக்கு வந்து சேர்ந்த வழியும் இதுவே. மட்டாஞ்சேரியின் குஜராத்திச் சாலையில் 1904இல் எழுந்த தர்மநாதர் கோயிலைத் தரிசித்தவர் இங்குப் பலர் இருக்கக்கூடும். அங்கிருந்து சிறிது தொலைவில்தான் யூதத் தெரு.

அத்தெருவின் வரலாறு ஒரு செப்பேட்டிலிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது, இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு 'அஞ்சுவண்ணம்' என்னும் உரிமையை வழங்கினான். யோசேப்பு ரப்பான் என்னும் பெயரே செப்பேட்டில் அவ்வாறு ஒலி மாறி நிற்கிறது. எழுத்து வட்டெழுத்து. மொழியோ தமிழறிந்தவர் செவிக்கு அயலன்று. பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, முரசு, தோரணம் முதலிய எழுபத்திரண்டு சிறப்புரிமைகள் அவனுக்குக் கிடைத்தன. நகரத்தார் செலுத்தும் உல்கும் துலாக்கூலியும் அவனுக்கு இல்லை. இவ்வுரிமை ஆண்மக்கள், பெண்மக்கள், மருமக்கள் எனத் தலைமுறைதோறும் தொடர வேண்டும் என்றும் மன்னன் விதித்தான்.

அஞ்சுவண்ணம் என்பது ஒரு பட்டம் மட்டுமன்று. அது வணிகரின் கூட்டமைப்பு. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849ஐச் சேர்ந்தது. கிறித்தவப் பள்ளி ஒன்றுக்கு அளித்த கொடையைக் காக்கும் பொறுப்பை அது அஞ்சுவண்ணத்தாரிடமும் மணிக்கிராமத்தாரிடமும் ஒப்படைக்கிறது. சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் உள்ளன. ஒரு சமயத்தாரின் அறக்கொடைக்குப் பிற சமயத்து வணிகர் காவலாக நின்ற காலம் அது.

1341இல் பெரியாற்று வெள்ளம் கொச்சித் துறையைத் திறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொடுமை மிகுந்தபோது, யூதருக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனையை அடுத்தே இடம் தந்தார். 1568இல் பரதேசிப் பள்ளி எழுந்தது. அரண்மனையும் பழையனூர்க் கோயிலும் யூதர் பள்ளியும் ஏறத்தாழ ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்பதை இன்றும் காணலாம். சமூகத் தலைவருக்கு அரசர் 'முதலியார்' என்னும் பட்டம் அளித்தார். தம் மக்களிடையே எழும் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரமும் அப்பட்டத்தோடு வந்தது. டச்சுக் கும்பினியின் பெருவணிகரான எசக்கியேல் ரகபி பதினெட்டாம் நூற்றாண்டில் மணிக்கூண்டு கட்டினார். சீனத்திலிருந்து நீலவண்ண ஓடுகளைத் தருவித்துப் பள்ளியின் தளத்தில் பதித்தார். பயணிகள் வியந்து நோக்குவது இவற்றையே. சமூகத்தைத் தாங்கி நின்றதோ 'யோகம்' என்னும் அவை. பள்ளியின் நிருவாகம், இடுகாடு, திருமண ஒழுங்கு ஆகியவை யோகத்தின் கையில் இருந்தன.

அந்த யோகத்தில் எல்லா யூதருக்கும் இடமிருந்ததா? இவ்வரலாற்றின் கசப்பான பகுதி இங்குதான் உள்ளது. மலபார் யூதர் எனப்பட்ட பழங்குடியினருக்குக் கொச்சி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் ஏழு பள்ளிகள் இருந்தன. பிற்காலத்தில் ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்த பரதேசியர் அவர்களோடு மணவுறவு கொள்ள மறுத்தனர். செப்பேடு எவர்க்கு உரியது என்னும் பூசலும் இரு சாராரிடையே நீடித்தது. பதினாறாம் நூற்றாண்டிலேயே இவ்வழக்கு எகிப்திலிருந்த சமய அறிஞர் தாவீது பென் சிம்ராவிடம் மடல் வழியே சென்றது. உரிய சடங்குக்குப் பின் மணவுறவுக்குத் தடையில்லை என்று அவர் விடையளித்தார். அவ்விடை ஏட்டில் நின்றது. தெருவுக்கு இறங்கி வரவில்லை.

பரதேசியருள்ளும் ஒரு பிரிவு தாழ்த்தப்பட்டிருந்தது. அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் வழித்தோன்றல்கள் அவர்கள். பள்ளியின் பலகைகளில் அமர அவர்களுக்கு உரிமையில்லை. யோகத்தில் உறுப்பினராகவும் இயலாது. அவர்களுள் பிறந்தவர் ஏ. பி. சேலம் (1882–1967). சென்னையில் கற்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். 1929இல் லாகூர்க் காங்கிரஸில் கலந்துகொண்டார். அரசின் மன்றத்தில் இருக்கை பெற்றவருக்குத் தம் வழிபாட்டிடத்தில் இருக்கை இல்லை! காந்தியடிகளின் அறப்போர் முறையை அவர் தம் சொந்தச் சமூகத்திற்குள்ளேயே கையாண்டார். பள்ளியைப் புறக்கணித்தார், பின் சென்று உரிமை கோரினார், மறை நூலிலிருந்தே வாதங்களை எடுத்துரைத்தார். 'யூத காந்தி' என்னும் பெயர் அவருக்கு வந்தது இவ்வாறே. ஒரே நாளில் வெற்றி கிட்டவில்லை. தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1940களின் தொடக்கத்திற்குள் பெரும்பாலானவை நீங்கின. தடை போட்ட யோகமே அதனை நீக்கவும் வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது.

அந்த வெற்றியைத் துய்க்க நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1948இல் இஸ்ரேல் தோன்றியபோது கேரளத்தில் ஏறத்தாழ 2,400 யூதர் இருந்தனர். யானைக்கால் நோய் பரவும் என்னும் அச்சத்தால் மலபார் யூதரை ஏற்க இஸ்ரேல் அதிகாரிகள் தயங்கினர். தம்மைத் தள்ளி வைத்தவர்களோடு வழக்காடிய சேலம், இப்போது மலபார் யூதருக்காக வழக்காட 1953இல் இஸ்ரேல் சென்றார். தடை நீங்கி, அடுத்த சில ஆண்டுகளில் மலபார் யூதருள் மிகப் பெரும்பாலோர் புறப்பட்டுச் சென்றனர். சேலமோ கொச்சியிலேயே தங்கி, அங்கேயே மறைந்தார்.

எஞ்சிய பள்ளிகளின் கதை பலவாறு முடிந்தது. மாளைப் பள்ளி 1955இல் ஊராட்சியின் பொறுப்பில் வந்தது. மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உள்ளமைப்பு மரவேலைப்பாடுகளோடு எருசலேம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சேந்தமங்கலம், பறவூர்ப் பள்ளிகளைக் கேரள அரசு புதுப்பித்துக் காட்சிக்கு வைத்துள்ளது. பரதேசிப் பள்ளி மட்டும் வழிபாட்டிடமாகத் தொடர்ந்தது. 1968இல் அதன் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல் தலையும் வெளியாயிற்று.

யூத மரபில் முழு வழிபாடு நடக்கப் பத்து ஆடவர் வேண்டும். செல்வமோ செப்பேடோ அந்த எண்ணை ஈடுசெய்யாது. பெண்டிரையும் எண்ணும் வழக்கம் இன்று சில நாடுகளில் உண்டு. கொச்சி மரபில் இல்லை. எண்ணிக்கை குறைந்தபின், வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளைச் சேர்த்தே பத்தை நிறைவு செய்தனர். 2024இல் பரதேசிக் குடும்பங்களின் கடைசிப் பெண்மணியும் மறைந்தார். 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது செப்பேட்டின் படிகள் அங்குப் பரிசாக அளிக்கப்பட்டன. இசுப்பு இரப்பானின் மருமக்கள் வரை உரிமை எழுதிய மூலம் மட்டாஞ்சேரியிலேயே இருந்தது.