தெருவின் பெயரும் தெருவில் இல்லாதவரும்



அண்மையில் வகுப்பிலே பட்டினப்பாலை படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தில் வேற்று மொழி பேசிய மாந்தரும் ஒன்றாகக் குடியிருந்ததை உருத்திரங்கண்ணனார் பெருமையாகச் சொல்லும் இடம். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், எங்கட யாழ்ப்பாணமும் பட்டினந்தானே? இஞ்சை ஏன் அப்பிடி ஆக்கள் இல்லை?" என்று கேட்டான்.

இருந்தார்கள் என்பதே விடை. பறங்கித்தெரு, சோனகத்தெரு என்ற பெயர்கள் அதற்குச் சாட்சி. கதிரை, யன்னல், பாண் என்பன போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். ஆரியகுளத்தடியில் நாகவிகாரை இன்றும் உண்டு. சிங்களப் பிள்ளைகள் படித்த மகா வித்தியாலயம் இன்று இயங்கவில்லை. கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கிய அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ், 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே படித்தவர்.

நகரங்களில் குடிகள் மாறுவது உலக வழமை. அமெரிக்காவின் டெட்ராயிற் நகரில் 1950இல் 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர், பெரும்பாலோர் வெள்ளையர். 2010இல் 7 இலட்சம் பேரளவில் எஞ்சினர், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அந்த மாற்றத்துக்கு அறுபது ஆண்டுகள் சென்றன. சோனகத்தெரு வெறுமையாக இரண்டு மணித்தியாலமே சென்றது.

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்துள் வெளியேறும்படி கட்டளையிட்டனர். அந்த ஒக்ரோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். பலர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கினர். நான் அப்போது சிறுவன். என் பள்ளிச் சட்டையைத் தைக்கச் சோனகத்தெருத் தையற்காரரிடம் அளவு கொடுத்திருந்தோம். அதை எடுக்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினார். "கடை பூட்டு" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அயலிலும் அதே மௌனந்தான்.

சரியாக ஐந்து ஆண்டுகள். 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் எங்கள் அரியாலை வழியாக, செம்மணி வெளி கடந்து, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தது. மழை, இருட்டு, அடி வைக்க இடமில்லாத கண்டி வீதி. நாங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். வீட்டுச் சாவியை அம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்தா. பூட்டிய கடை எனக்கு அன்றுதான் விளங்கியது.

இன்றைய யாழ். மாவட்ட எல்லைக்குள் 1981இல் 738,788 பேர் வாழ்ந்தனர். 2012இல் 583,882 பேர். குறைந்தவர்களிற் பலர் புலம்பெயர்ந்த தமிழர். அவர்களைக் கதையிலும் கவிதையிலும் நிறையவே பாடியிருக்கிறோம். நூற்றுக்கு இருவர் அளவிலே இருந்த முஸ்லிம்கள் போனது கணக்கிற் சிறிதாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தெருவுக்கு அது முழுக் கணக்கு. 2009க்குப் பின் சிலரே திரும்பிக் குடியேறியுள்ளனர்.

நம் எழுத்தாளரில் ஒரு சிலர் இதை எழுதினர்; அவர்களுக்கு என் வணக்கம். அது போதாது. நமக்கு நேர்ந்த இடப்பெயர்வை எழுதும் பேனா, நம்மிடையே இருந்து துரத்தப்பட்டவரையும் எழுத வேண்டும். அன்று மௌனமாக இருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று என்பதாலேயே இதைச் சொல்கிறேன்.

மறுநாள் அந்த மாணவனுக்குச் சட்டையின் கதையைச் சொன்னேன். "பிறகு அந்தத் தையற்காரர் வந்தவரோ, சேர்?" என்று கேட்டான்.

வரவில்லை.